பச்சை எரு

அத்தியாயம் 7

பஸ்ஸை விட்டு இறங்கி இருபுறமும் வேலி போட்ட இட்டேரித் தடத்தில் நடந்து வரும்போதே அந்த நெடி சத்யபிரியாவின் மூக்கில் ஏறியது.

கோழி எரு. ராசிபுரம் சுற்றுவட்டாரத்தில் அது யாருக்கும் புதிதில்லை. மரவள்ளிக் காட்டுக்குப் போட அப்பா சின்னுசாமி இறக்கி வைத்த குவியல் ஒன்று களத்தோரம் கிடக்கத்தான் செய்தது. ஆனால் நெடி களத்துப் பக்கமிருந்து வரவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கைப்பையை வாசற்படியில் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, "வந்துட்டயா சாமி" என்றார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அதிலேயே அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

பாத்திகள் கருகிக் கிடந்தன.

கத்தரி நாற்றுகளின் இலையோரமெல்லாம் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. தக்காளி தண்டோடு மடிந்து மண்ணில் படுத்துவிட்டது. அப்போதுதான் முளைத்து இரண்டு இலை விட்டிருந்த வெண்டை, கொதிநீர் பட்டதுபோல் வெந்திருந்தது. ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு கை எரு வைத்திருந்தார்கள். எல்லாம் பச்சை எரு. மாதக்கணக்கில் குவித்து மட்க வைத்தால்தான் அது மண்ணுக்கு ஆகும். அதற்கு முன்னால் இளம் நாற்றுக்குப் போட்டால் அதன் சூடு வேரைத் தின்றுவிடும். மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. வைத்தவர் அதோடும் விடவில்லை. மேலே தண்ணீரும் விட்டிருந்தார்.

கிணற்று மேட்டை ஒட்டிய கடைசி வரிசை கொத்தவரை மட்டும் தப்பியிருந்தது. கத்தரியில் சிலது பாதி உயிரோடு நின்றது.

சத்யபிரியா குனிந்து ஒரு தக்காளிச் செடியைத் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது.

கன்னத்தில் விழுந்த ஒரு அறையில் தொடங்கியது இதெல்லாம். சேலம் அஸ்தம்பட்டியில் கணவன் ரமேஷ்குமாரின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் பாயசம் வரத் தாமதமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். "உன்னை எதைப் பாக்கச் சொன்னேன்" என்று கேட்டபடியே ரமேஷ்குமார் அவள் கன்னத்தில் அறைந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். பிறகு இலைக்குக் குனிந்துகொண்டார்கள். அது அவன் அடித்த முதல் அடி இல்லை. நாலு பேர் பார்க்க விழுந்த முதல் அடி. அவள் மண்டபத்திலிருந்து வெளியே வந்து, கட்டிய பட்டுச்சேலையோடு ராசிபுரம் பஸ் ஏறிவிட்டாள்.

அப்பா வீட்டுக்கு வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தது. மாசி பிறந்து, பனி விலகி, வெயில் லேசாக உறைக்கத் தொடங்கிய ஒரு காலையில் வீட்டுக்குப் பின்னால் கருவேல முள்ளும் உடைந்த ஓடுமாகக் கிடந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்தாள். ஏக்கர் கணக்கில் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற குடும்பம் அது. ஆனால் குழம்புக்கு நாலு கத்தரிக்காய் வேண்டுமென்றால் உழவர் சந்தைக்குத்தான் போகவேண்டும். தம்மம்பட்டிப் பக்கத்து நாற்றுப் பண்ணையிலிருந்து நாற்று வரவழைத்தாள். உள்ளங்கை கொப்புளித்தது. ராத்திரியில் தூக்கம் வந்தது.

அந்த இடத்தில் கார் ஷெட் கட்ட நினைத்திருந்தவள் மைதிலி, அண்ணன் தனபாலின் மனைவி. தனபால் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். "இன்னைக்குப் பாத்தி கட்றவ நாளைக்குச் சுவரு கட்டுவா" என்று மைதிலி அவனிடம் போனில் சொன்னது சத்யபிரியாவின் காதில் விழுந்தது போன வாரம்தான்.

அதன் பிறகு, முன்பு வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மறுபடி இடம் இருக்கிறதா என்று கேட்க அவள் சேலம் போனாள். தோழி இலக்கியா வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு இப்போது திரும்பியிருக்கிறாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது மைதிலி புதுச் சேலை கட்டி, ஸ்கூட்டரை நிழலிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நங்கை." அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவாள். "யாரு போட்டது?"

"எதைங்க?"

"எருவை."

"நல்லா இருக்குதுங்களே. எரு போட்டா நன்றி சொல்லுவாங்க. நீங்க வெசாரணை பண்றீங்க."

"பச்சைக் கோழி எரு. தூருல வெச்சுத் தண்ணியும் உட்டிருக்குது. அத்தனையும் கருகிப் போச்சு."

"எனக்கென்னங்க தெரியும் அதைப்பத்தி. எங்கப்பா ஊட்டுல காரு இருந்துச்சு, மாடு இல்லை. எரு நாத்தம் வந்தாலே நான் ஜன்னலைச் சாத்திக்குவேன்."

"உங்களுக்கு அந்த எடத்துல கார் ஷெட் கட்டோணும்."

"கட்டோணும். நான் மறைக்கலையே. பொங்கலுக்கு முன்னாலயே மாமாகிட்டச் சொல்லிட்டேன்." மைதிலி ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டாள். "நீங்க மம்முட்டியத் தூக்கிக் கொத்துனப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எங்கப்பா ஊட்டுல மண்ணைக் கொத்த உங்ககிட்டக் கேக்கோணுமா?"

"அதைத்தான் நானும் அவருகிட்டச் சொன்னேன். உங்க தங்கச்சி பாத்தி பிரிக்கலை, பாகம் பிரிக்கறாங்கன்னு."

சத்யபிரியாவுக்கு முகம் சூடேறியது. திரும்பி நடந்தாள். மைதிலி தன் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு நின்றாள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

சத்யபிரியா பின்பக்கம் போய்த் தட்டுக்கூடையை எடுத்தாள். களைக்கொத்தால் எருவைச் சுரண்டிச் சுரண்டி அதில் அள்ளினாள். ஈர எரு. கூடையின் இடுக்கு வழியாக மணிக்கட்டில் வழிந்தது. இடுப்பில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஸ்கூட்டரின் சீட்டில் கூடையைக் கவிழ்த்தாள்.

எரு சீட்டிலிருந்து சரிந்து மைதிலியின் சேலைக் கொசுவத்தில் விழுந்தது.

மைதிலி கத்துவாள் என்று சத்யபிரியா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கொசுவத்தைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "மாமா, பாத்துக்குங்க. நீங்க சாட்சி" என்றாள்.

சின்னுசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எழுந்தது எதற்கென்று தெரியாதவர்போல் மறுபடி உட்கார்ந்தார்.

"அவ போடலை."

சமையலறைக் கதவருகே அம்மா வசந்தாமணி நின்றிருந்தாள். கையில் கடலைமாவு.

"நாந்தான் போட்டேன். நேத்தும் தண்ணி உட்டேன். அவளை எதுக்குப் பேசற?"

சத்யபிரியாவின் கையிலிருந்த கூடை நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அம்மா விளையாடுகிற ஆள் இல்லை. அவள் முகத்தில் குற்றம் செய்த கூச்சமும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை ஒத்துக்கிட்டாங்க" என்றாள் மைதிலி. "இப்ப எனக்கு யாருங்க பதில் சொல்றது?"

சத்யபிரியா பின்பக்கம் போனாள். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்தாள். மைதிலி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சீட்டைத் துடைத்து முடித்தபோது கால் வைக்கும் இடத்தைக் காட்டினாள். அதைத் துடைத்ததும் சக்கரத்தைக் காட்டினாள். "இங்க இன்னும் இருக்குது" என்றாள். "இங்கயும்."

"தப்புத்தான் நங்கை" என்றாள் சத்யபிரியா, தலை நிமிராமல்.

"தப்பை நீங்களே வெச்சுக்கங்க. அவரு ஞாயித்துக்கெழமை ஊருக்கு வாராரு. அதுக்குள்ள எடம் காலியா இருக்கோணும்."

சேலை மாற்றிக்கொள்ள மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அவள் கால் ஓங்கி விழுந்தது.

சத்யபிரியா கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நெடி போகவில்லை. வசந்தாமணி வாழைக்காயைச் சீவி வைத்திருந்தாள். பக்கத்தில் கேசரிக்கு ரவை வறுத்துத் தயாராக இருந்தது.

"யாரும்மா வாராங்க?"

"ஒரம்பரை."

"எந்த ஒரம்பரை?"

"மாப்பிள்ளையும் அவிங்க நாச்சிமுத்து மாமாவும். பொழுது எறங்க வாராங்க. குளிச்சுட்டு நல்ல சேலையாக் கட்டிக்க."

சத்யபிரியா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கூப்பிட்டயா?"

"நாந்தான் கூப்பிட்டேன். அவரு வாரேன்னு சொன்னதே பெருசு."

"அதுக்காகச் செடியக் கொல்லுவியா?"

வசந்தாமணி மாவைக் கரைத்துக்கொண்டே பேசினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நீ வந்த புதுசுல மூலையில குந்தி அழுதுட்டு இருந்தே. செரி, அழுது முடிச்சாப் போயிருவான்னு இருந்தேன். அப்பறம் பொடக்காலியக் கொத்துனே. அதுவும் செரின்னு உட்டேன். போன வாரம் ஒரு நாள் கத்தரிச் செடிகிட்டக் குந்திக்கிட்டுச் சிரிச்சயே, அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இவ இனிப் போகமாட்டான்னு தெரிஞ்சு போச்சு."

"நான் சிரிச்சா உனக்குப் பயமாம்மா?"

"ஆமா, பயந்தான். கத்தரி காய்க்கும், நீ பறிப்பே. பறிச்ச கையோட அடுத்தது நடுவே. நான் இருக்கற மட்டும் உனக்கு வட்டல்ல சோறு விழும். எனக்கப்பறம் மேல ஒருத்தி இருக்கறாளே, அவ போடுவாளா? இன்னைக்கு அவ சக்கரத்தைத் தொடைச்சே. தெனமும் தொடைப்பியா?"

"அவரு மறுபடி அடிச்சா?"

"அப்படி என்ன கொன்னா போட்டாரு. ஒரு அறை." வசந்தாமணி சட்டியில் ஒரு துளி மாவை விட்டுப் பார்த்தாள். அது பொரிந்து மேலே வந்தது. "உங்கப்பன் அடிக்காத அடியா. விறகுக் கட்டையில வாங்கியிருக்கறேன். உன்னை வயித்துல வெச்சுட்டு வாங்கியிருக்கறேன். நான் பஸ் ஏறுனனா?"

சமையலறை ஜன்னல் வாசலைப் பார்த்தது. அதற்கு நேர் வெளியேதான் சின்னுசாமியின் நாற்காலி. அவர் முதுகு அசையவில்லை.

"ஏறியிருக்கோணும்மா" என்றாள் சத்யபிரியா.

வசந்தாமணியின் கை சட்டிக்கு மேலேயே நின்றது. விரல் நுனியிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது.

"வெளிய போ" என்றாள். "வேலை கெடக்குது."

சத்யபிரியா குளிக்கவில்லை, சேலையும் மாற்றவில்லை. நேராகப் பாத்திக்குப் போய் உட்கார்ந்தாள். கூடையில் அள்ளியது போக மிச்சமிருந்த எருவையெல்லாம் விரலால் வழித்தெடுத்தாள். செத்ததைப் பிடுங்கி வரப்பில் போட்டாள். உயிர் இருப்பதாகத் தோன்றிய கத்தரியை விட்டுவைத்தாள். மண்ணில் இறங்கிய சூட்டைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். பாத்தி நிரம்ப விட்டு, வடியவிட்டு, மறுபடி விடவேண்டும். வருகிறவர்கள் வந்து போகட்டும் என்று இருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது கார் வந்து நின்றது.

ரமேஷ்குமார் இறங்கினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் பழப்பை. இளைத்திருந்தான். அந்த ஒரு நொடி அவளுக்கு அவன் சாப்பிட்டானா என்று நினைக்கத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. கூட வந்த நாச்சிமுத்து, இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்த மனிதர். பேச்சில் தேர்ந்தவர்.

"நடந்தது நடந்து போச்சுங்க சம்பந்தி" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொடங்கினார். "பையன் கோவக்காரன், ஆனா மனசுல ஒண்ணும் இல்லை. புள்ளையும் ரோசக்காரி. ரெண்டும் ரெண்டு பக்கம் இழுத்தா நாம என்ன பண்றது. நல்ல நாளாப் பாத்து வந்திருக்கறோம். புள்ளைய அனுப்பி வெய்யுங்க."

வசந்தாமணி பஜ்ஜித் தட்டை வைத்தாள். "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "அவ துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

கூடத்து மூலையில் தன் பெட்டி மூடி வைக்கப்பட்டிருப்பதை சத்யபிரியா அப்போதுதான் பார்த்தாள். நகத்தில் மண்ணோடு வாசல் தூணருகே வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றாள் நாச்சிமுத்துவிடம். "அன்னைக்கு மண்டபத்துல அத்தனை பேரு இருந்தாங்க. அத்தனை பேருகிட்டயும் போய்ச் சொல்லச் சொல்லலை. இங்க இருக்கறவங்க முன்னால, அடிச்சது தப்புன்னு இவரு சொல்லட்டும்."

"கோவத்துல கை பட்டுருச்சு" என்றான் ரமேஷ்குமார்.

"கை படலைங்க. அடிச்சீங்க."

"செரி, அடிச்சேன். இப்ப என்னங்கற?" காபி டம்ளரை ஓசையோடு வைத்தான். "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்குன்னு பாத்தி கட்டிட்டு இங்கயே குந்திக்குவியா? அந்தச் செடியும் கருகிப் போச்சு, இனி வந்துருவான்னு அத்தை சொல்லித்தான் கெளம்பி வந்தேன். எடு பெட்டிய."

சத்யபிரியா அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி பஜ்ஜித் தட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"சம்பந்தி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நாச்சிமுத்து சின்னுசாமியின் பக்கம் திரும்பினார்.

சின்னுசாமி காபியின் மேல் படிந்த ஆடையை வெகுநேரம் பார்த்தார். "நான் என்னத்தைச் சொல்றதுங்க" என்றார்.

அம்மாவின் எருகூட அவளை இப்படி எரிக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டுங்களா" என்ற குரல் மாடிப்படியிலிருந்து வந்தது. மைதிலி. வேறு சேலையில் இருந்தாள்.

"நீ உள்ள போ" என்றாள் வசந்தாமணி.

"போறனுங்க அத்தை." மைதிலி ஒரு படி இறங்கிச் சின்னுசாமியைப் பார்த்தாள். "இவங்க போனா எனக்கு நிம்மதிதான். அதை மறைக்கலை. மத்தியானம் என் வண்டி மேல எருவைக் கொட்டுனாங்க. இந்த ஊட்டுல இவங்களைக் கண்டா எனக்கு ஆகறதில்லை. ஆனா மாமா, நாளைக்கு உங்க பையன் நாலு பேரு முன்னால என்னை அடிச்சா, நான் எங்கப்பா ஊட்டுக்குப் போவேன். அங்க அவரு கூப்பிட வருவாரு. எங்கம்மாவும் இப்படித்தான் பஜ்ஜி சுட்டு வெச்சு, பொட்டியக் கட்டி வெப்பாங்களா? அதை மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரமேஷ்குமார் எழுந்தான். காது மடல் சிவந்திருந்தது. "ஊடு முழுக்கப் பொம்பளை ராஜ்ஜியம்" என்றான். "கடைசியாக் கேக்கறேன். வாரயா, இல்லையா?"

"நீங்க இன்னும் சொல்லலைங்க" என்றாள் சத்யபிரியா.

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நானும் வரமாட்டேன்."

அவன் கை லேசாக மேலெழுந்தது. விரலை நீட்டிப் பேசத்தான் எழுந்ததோ, வேறெதற்கோ. ஆனால் அவள் முகம் தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது, தோள் காதுவரை ஏறியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவும் பார்த்தார். பேசத் தெரிந்த அந்த மனிதர் எழுந்து தன் செருப்பைத் தேடினார்.

"இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான் ரமேஷ்குமார். "மிதிச்சா வக்கீலோடதான்."

கார் திரும்பும்போது மண் தூசி எழுந்து வாசல்வரை வந்தது. பழப்பை திண்ணையின் மேலேயே இருந்தது. வசந்தாமணி அதை எடுக்கவில்லை. நேராகப் பின்பக்கம் நடந்தாள். கிணற்று மேட்டிலிருக்கும் மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். குடிதண்ணீர்க் குழாயையும் வீட்டுக்குள்ளேயே திருகி நிறுத்திவிட்டாள்.

சத்யபிரியா அவள் முன்னால் போய் நின்றாள். "தண்ணி வேணும்மா. இன்னைக்கு விட்டாத்தான் மிச்சம் இருக்கறதாவது தப்பும்."

"இந்த ஊட்டுத் தண்ணி அதுக்குக் கெடையாது."

"கொஞ்சந்தான். ஒரு மணி நேரம் மோட்டாரு போட்டாப் போதும்."

வசந்தாமணி மகளின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் ஈரம் இருந்தது. குரலில் இல்லை. "சாவி தாரேன். ஒரு வார்த்தை சொல்லு. இது காய்ச்சு முடிஞ்சதும் போயிடறேன்னு சொல்லு. நான் நாச்சிமுத்துகிட்டப் பேசிக்கறேன். ரெண்டு மாசம் தவணை கேட்டு வாங்கறேன். சொல்லு சாமி."

சொல்லிவிடலாம். சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னால் போதும், இப்போதே மோட்டார் ஓடும். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் வருவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். சத்யபிரியாவுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் திரும்பிப் பாதி வாடிய கத்தரிகளைப் பார்த்தாள்.

"போகமாட்டேன்மா" என்றாள்.

வசந்தாமணி முந்தானையை இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி இடுப்பில் செருகினாள். "அப்ப கருகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சத்யபிரியா தாழ்வாரத்திலிருந்த இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கினாள்.

மேற்கே இருப்பது காளியப்பன் காடு. இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. வண்டித்தடம் யாருக்கு என்ற தகராறில் அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மூண்ட சண்டை, அரிவாள் வரை வந்து போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சாவுக்கு இவர்கள் போனதில்லை, இவள் கல்யாணத்துக்கு அவர்களை அழைத்ததில்லை. ஆடு வரப்பைத் தாண்டினால்கூடத் தாண்டிய ஆட்டைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். மனிதர்கள் தாண்டியதே இல்லை.

அவள் தாண்டினாள்.

காளியப்பனின் மனைவி அத்தாயி தொட்டியருகே எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். குடத்தோடு வருபவளைப் பார்த்ததும் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

"யாரது? சின்னுசாமி மகளா?"

"ஆமாங்க. ரெண்டு குடம் தண்ணி வேணுங்க."

"உங்க கெணத்துல தண்ணி வத்திப்போச்சா?"

"இருக்குதுங்க. எனக்கில்லை."

அத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். மண் படிந்த சேலை, பழுப்பேறிய விரல்கள். இரக்கப்படுகிற பார்வை இல்லை அது. "உங்கப்பன் எங்க ஊட்டுக்காரரோட மண்டைய ஒடைச்சவரு. அஞ்சு தையல் போட்டது. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"நீ தண்ணி மோந்துட்டுப் போவே. நாளைக்கு அந்தாளு வந்து, எம்மகளை எதுக்குடி உங்காட்டுக்குள்ள உட்டயின்னு நிப்பாரு. அதை யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறனுங்க."

"நீ என்னத்தைப் பாப்பே." அத்தாயி எருமையின் கயிற்றைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "மோந்துக்க. ரெண்டே குடம். எங்கிட்டப் பேச்சு வெச்சுக்காதே."

சத்யபிரியா குடத்தைத் தொட்டியில் அமிழ்த்தினாள். குளிர்ந்த தண்ணீர் முழங்கைவரை ஏறியது. கொப்புளம் உடைந்த இடமெல்லாம் எரிந்தது. இரண்டாவது குடத்தை நிரப்பி இடுப்பில் தூக்கி வைத்தபோது, அத்தாயி அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அத்தாயியின் கை எருமைக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நான் சொல்லலை?" என்றாள் அத்தாயி. "உள்ள அவரு தூங்கிட்டு இருக்கறாரு. சத்தம் கேட்டா எழுந்திருச்சுருவாரு."

சத்யபிரியா திரும்பினாள்.

வரப்பின் மேல் சின்னுசாமி நின்றிருந்தார். கையில் மண்வெட்டி. அவருக்குப் பின்னால் வசந்தாமணி தலைமுடி அவிழ ஓடி வந்துகொண்டிருந்தாள். "அங்க கால் வெச்சீங்கன்னா நம்ம ஊட்டுப் படி ஏறாதீங்க" என்று அவள் கத்தியது காடு முழுவதும் கேட்டது. காளியப்பன் வீட்டுக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

சின்னுசாமி மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டு, காளியப்பன் காட்டுக்குள் கால் வைத்தார்.